பதறாதே, பகிராதே, 1930-க்குப் பேசு: நம்ம குரூப்பை நம்பி இருநூறு வீடு இருக்கு!

(மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, வீட்டில் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.)



ஐ.டி. விங் கூட்டம்னாலே ஹேஷ்டேக், ரீல்ஸ், ட்ரெண்டிங்னு பேசுவோம். இன்னைக்கு எனக்குக் கொடுத்த நேரத்தில் ஆன்லைன் மோசடி பத்திப் பேசப் போறேன். "அது போலீஸ் வேலையாச்சே, கட்சி மேடையில் எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கு.

உங்க ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பூத் குரூப் இருக்கு. அதில் நூறு வீடு, இருநூறு வீடு. அந்த வீட்டு அம்மாக்களும் தாத்தாக்களும் தொழில்நுட்பச் செய்தி எல்லாம் தேடிப் படிக்கிறவங்க கிடையாது. நீங்க போடுறதைப் படிக்கிறாங்க. "நம்ம தம்பி அனுப்பியிருக்கான், சரியாத்தான் இருக்கும்" என்று தொடுறாங்க. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், தண்ணி லாரி, ஜி.எச். அட்மிஷன் என்று நம்ம ஆளுங்க வருஷக்கணக்கா அலைஞ்சு சம்பாதிச்ச நம்பிக்கை அது.

மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அந்த நம்பிக்கைதான். அதை அவன் புதுசா கட்ட மாட்டான். ஏற்கெனவே கட்டி வச்சிருக்கிற இடத்தில் நுழைவான். நம்ம குரூப் அவன் நுழையிற வழியா ஆகிடக் கூடாது. யாராவது ஏமாந்துட்டா முதல்ல நம்மகிட்ட ஓடி வரணும். இந்த ரெண்டைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

■ எவ்வளவு போகுது?

ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கையே சொல்றேன். சைபர் மோசடியில் மக்கள் இழந்த பணம் 2023-ல் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-ல் சுமார் 22,845 கோடி ரூபாய். ஒரே வருஷத்தில் மூணு மடங்கு. இது புகார் கொடுத்தவங்க கணக்கு மட்டும். வெட்கப்பட்டு வெளியே சொல்லாதவங்க இதில் இல்லை.

"படிக்காதவங்கதான் இதில் மாட்டுவாங்க" என்று ஒரு பேச்சு இருக்கு. அதை முதல்ல தூக்கிப் போடுங்க. லூதியானாவில் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். பத்மபூஷண் விருது வாங்கினவர், பெரிய ஜவுளித் தொழிலதிபர், வயசு எண்பதுக்கு மேல். 2024 ஆகஸ்ட் கடைசியில் அவருக்கு ஒரு போன். சி.பி.ஐ. என்றான். அப்புறம் வீடியோ காலில் உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டினான். தலைமை நீதிபதி பேரில் ஒருத்தன், போலி உத்தரவு, போலி சீல் எல்லாம் ரெடி. ரெண்டே நாளில் 7 கோடி ரூபாய் கை மாறியது. வக்கீல் படையே வச்சிருக்கிற மனுஷனுக்கு இந்த நிலைமை என்றால், தனியா வீட்டில் இருக்கிற ரிட்டயர்டு டீச்சர் அம்மாவை நினைச்சுப் பாருங்க.

அவர் புகார் கொடுத்ததில் 5 கோடிக்கு மேல் திரும்பக் கிடைச்சது. இந்தத் தகவலை ஞாபகத்தில் வச்சுக்குங்க, பின்னாடி இதுக்கு வர்றேன்.

■ டிஜிட்டல் அரெஸ்ட்: சட்டத்தில் இல்லாத கைது

இது எப்படி நடக்குது? முதல்ல ஒரு ரெக்கார்டட் குரல் வரும். "உங்க நம்பர் ரெண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்தவும்." இல்லைன்னா, "உங்க பேரில் போன கூரியரில் போதைப்பொருள் இருந்தது." அழுத்தினா ஒருத்தன் பேசுவான், ரொம்ப மரியாதையா. அவன் இன்னொருத்தன்கிட்ட மாத்தி விடுவான். அந்த ஆள் வீடியோ காலில் யூனிஃபார்மோட இருப்பான். பின்னாடி சுவரில் காந்தி படம், அசோக சின்னம். உங்க பேர், ஆதார் நம்பர், அப்பா பேர் எல்லாம் சரியா சொல்லுவான். அப்புறம்தான் முக்கியமான வசனம்: "இது தேசியப் பாதுகாப்பு விஷயம். வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது. கேமராவை ஆஃப் பண்ணக் கூடாது."

கவனிச்சீங்களா? முதல்ல பயம், அடுத்து அவசரம், மூணாவதா தனிமை. இதில் ஹேக்கிங்கே கிடையாது. கம்ப்யூட்டரை உடைக்கலை, ஆளைத்தான் உடைக்கிறான். பக்கத்து அறையில் இருக்கிற மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். அதனாலதான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல விடாம பார்த்துக்கிறான்.

சட்டம் என்ன சொல்லுது? இந்தியாவில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி போலீஸ் கொடுக்கிற நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பினா போதாது, சட்டம் சொல்கிற முறைப்படி கொடுக்கணும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவா உத்தரவிட்டது. அதே 2025 டிசம்பரில், டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் கொடுத்ததும் உச்ச நீதிமன்றம்தான். தன் பேரிலேயே போலி உத்தரவு தயாரிச்சு மக்களை ஏமாத்துறாங்க என்று நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கு அது.

"பணத்தைச் சரிபார்க்கணும், அரசு கணக்குக்கு மாத்துங்க, செக் பண்ணிட்டுத் திருப்பித் தர்றோம்" என்பது இன்னொரு வசனம். எந்த போலீஸும், எந்த நீதிமன்றமும், ரிசர்வ் வங்கியும் அப்படி ஒரு கணக்கு வச்சிருக்கலை.

உங்க பூத்தில் இருக்கிற பெரியவங்களுக்கு இதையெல்லாம் வகுப்பு எடுக்க வேண்டாம். ஒரே ஒரு பதில் கத்துக் கொடுங்க: "சரி சார், எந்த ஸ்டேஷன்னு சொல்லுங்க. பையனைக் கூட்டிட்டு நேர்ல வர்றேன்." சொல்லிட்டு போனை வச்சிடணும். உண்மையான போலீஸ் இதுக்குக் கோபப்பட மாட்டார்.

■ ஏ.பி.கே. ஃபைல்: நம்ம குரூப்புக்குள்ள வர்ற பாம்பு

இனிமேல் சொல்றது நேரடியா நம்ம வேலையைத் தொடுற விஷயம்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். பேர் "ஆர்.டி.ஓ. சலான்" என்றிருக்கும், இல்லை "கல்யாணப் பத்திரிகை", இல்லை "பி.எம். கிசான்". கடைசியில் புள்ளி வச்சு ஏ.பி.கே. என்று மூணு எழுத்து. அது பத்திரிகையும் இல்லை, சலானும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் இறங்குற ஒரு ஆப். பத்திரிகை என்றால் போட்டோவாவோ பி.டி.எஃப். ஆகவோ வரும். கல்யாணத்துக்குக் கூப்பிட யாருக்கும் ஆப் தேவையில்லை.

அதைத் தொட்டா, "தெரியாத இடத்திலிருந்து இன்ஸ்டால் செய்ய அனுமதிக்கவா?" என்று போன் கேட்கும். அது போன் நம்மைக் காப்பாத்தப் போடுற கடைசி வேலி. நாம "அலவ்" என்று தள்ளிவிடுவோம். அடுத்து எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், அதையும் கொடுத்துடுவோம். அவ்வளவுதான். இனி உங்க போனுக்கு வர்ற ஓ.டி.பி. அவனுக்கும் போகும். "நான் ஓ.டி.பி. யாருக்கும் சொல்லலையே, எப்படிப் பணம் போச்சு?" என்று கேட்கிறவங்களில் பல பேர் கதை இதுதான். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீங்க என்று நாம பத்து வருஷமா சொல்லிட்டிருக்கோம். அவன் இப்போ கேட்கிறதே இல்லை, தானே எடுத்துக்கிறான்.

இதில் இன்னொரு கொடுமை. மாட்டின போனில் இருக்கிற வாட்ஸ்அப் வழியா அதே ஃபைல் எல்லா குரூப்புக்கும் போகும். அதாவது கிளைச் செயலாளர் நம்பரிலிருந்து, அவர் போட்டோவோடு, நம்ம பூத் குரூப்பில் வந்து விழும். ஜனங்க யோசிக்கவே மாட்டாங்க, "செயலாளர் அனுப்பியிருக்கார்" என்று தொடுவாங்க. தேர்தல் நேரத்தில் அந்த ஃபைலுக்கு "உறுப்பினர் அட்டை", "வாக்காளர் பட்டியலில் உங்க பேர் இருக்கா பாருங்க" என்று பேர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இருநூறு வீட்டில் பத்து வீட்டுப் பணம் போனாலும், அந்தப் பத்து வீட்டு வாசல்ல போய் நாம எந்த முகத்தோட நிக்கிறது?

யாராவது தெரியாம இன்ஸ்டால் பண்ணிட்டா என்ன செய்யணும்? முதல்ல போனை ஏரோபிளேன் மோடில் போடுங்க, வைஃபையையும் அணைங்க. வேறொரு போனிலிருந்து பேங்குக்கும் 1930-க்கும் பேசுங்க. கணக்கு பாஸ்வேர்டை வேறொரு போனிலிருந்து மாத்துங்க. கடைசியா மாட்டின போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க. போட்டோ போயிடுமே என்று பார்க்காதீங்க.

■ சின்னச் சின்ன ஓட்டைகள், ரெண்டு நிமிஷ வேலை

பணம் வாங்குறதுக்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின் போடுறோம் என்றாலே பணம் நம்ம கணக்கிலிருந்து வெளியே போகுது. தனிநபர்கள் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பணம் கேட்டு அனுப்புற கலெக்ட் ரிக்வெஸ்ட் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்.பி.சி.ஐ. நிறுத்திடுச்சு. அந்த வழியில் நடந்த ஏமாத்து அவ்வளவு. ஆனா க்யூ.ஆர். காட்டி "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று சொல்றவன் இன்னும் இருக்கான்.

"கூரியர் டெலிவரிக்கு இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்று நட்சத்திரக் குறியில் ஆரம்பிக்கிற எண் கொடுத்தா டயல் பண்ணாதீங்க. உங்க காலை அவன் நம்பருக்குத் திருப்பி விடுற குறியீடா இருக்கலாம். ஏற்கெனவே பண்ணிட்டதா சந்தேகம் வந்தா ##002# டயல் பண்ணுங்க, எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று இருக்கு. ஆறு இலக்க பின் போடுங்க. லிங்க்டு டிவைசஸ் போய்ப் பாருங்க, தெரியாத கருவி இருந்தா லாக் அவுட் பண்ணுங்க. இங்க இருக்கிற அட்மின்கள் கூட்டம் முடியிறதுக்குள்ள இதைச் செஞ்சிடணும். சாப்பாட்டு இடைவேளையில் நான் வந்து பார்ப்பேன்!

பேங்க் வெப்சைட் போனா முகவரியின் முடிவைப் பாருங்க. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் எல்லாம் "டாட் பேங்க் டாட் இன்" முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. கூகுளில் தேடினா முதல்ல வர்ற கஸ்டமர் கேர் நம்பரை நம்பாதீங்க. கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்ச நம்பருக்கே பேசுங்க.

■ மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறது யாரு?

இந்தப் பகுதியைத்தான் இளைஞர் அணித் தோழர்கள் கவனமா கேட்கணும்.

வாட்ஸ்அப், டெலிகிராமில் "ஷேர் மார்க்கெட் டிப்ஸ்" குரூப்பில் சேர்த்து, போலி ஆப்பில் லட்சக்கணக்கில் லாபம் காட்டி, எடுக்கப் போனா "வரி கட்டுங்க" என்று உறிஞ்சுறாங்களே, அதில் நிறைய மோசடி தென்கிழக்கு ஆசியாவிலிருந்து நடக்குது. கம்போடியா, லாவோஸ், மியான்மரில் பெரிய பெரிய வளாகங்கள். தாய்லாந்து எல்லையில் மியாவாடி என்று ஒரு ஊர், அங்க கே.கே. பார்க் என்று ஒரு இடம். சுற்றிச் சுவர், முள்கம்பி, துப்பாக்கிக் காவல். உள்ள உட்கார்ந்து சாட் பண்ணுற பசங்க எல்லாரும் ரவுடிகள் இல்லை. "தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம்" என்று சொல்லி ஏஜென்ட் கூட்டிட்டுப் போய், எல்லை தாண்டி வித்துட்டுப் போனவங்க அதில் ஏராளம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சுக்குவான். டார்கெட் முடிக்கலைன்னா அடி.

நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் அதில் மாட்டினாங்க. 2022-ல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டு சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினாங்க. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் போய் 549 இந்தியர்களைக் கூட்டிட்டு வந்தது. அதே வருஷம் அக்டோபரில் கே.கே. பார்க்கில் ரெய்டு நடந்தப்போ, நூற்றுக்கணக்கான இந்தியர்கள் தாய்லாந்துக்குள்ள தப்பி ஓடினாங்க.

ஒரு பக்கம் பணத்தைத் தொலைச்ச அம்மா, மறுபக்கம் வேலைக்குப் போய் மாட்டின பையன். ரெண்டு பேருமே நம்ம ஜனங்க. நான் இன்ஜினியரிங் படிச்சவன். டிகிரியை வச்சுக்கிட்டு வேலை தேடி அலையிறப்போ, வெளிநாட்டு வேலை என்று ஒரு மெசேஜ் வந்தா மனசு எப்படித் துடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால சும்மா "ஏன்டா போன?" என்று கேட்கிறதில் பிரயோசனம் இல்லை. உங்க ஊர்ப் பையன் யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினா, அந்த ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பண்ணினவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துச் சொல்லுங்க. டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அனுப்புறேன் என்று ஏஜென்ட் சொன்னா அங்கேயே நிறுத்துங்க.

இன்னொன்று, அக்கவுண்ட் வாடகை. "உன் பேங்க் அக்கவுண்ட், ஏ.டி.எம். கார்டு, சிம் மூணும் கொடு, மாசம் சில ஆயிரம் தர்றேன்" என்று காலேஜ் பசங்களைப் பிடிக்கிறாங்க. மோசடிப் பணம் முதல்ல வந்து விழுறது அந்தக் கணக்கில்தான். போலீஸ் முதல்ல வந்து நிக்கிறதும் அந்தப் பையன் வீட்டு வாசல்லதான். மேலே இருக்கிறவன் பேர்கூட அவனுக்குத் தெரியாது. ஆனா எஃப்.ஐ.ஆர்.-ல் அவன் பேர் இருக்கும், பாஸ்போர்ட் எடுக்கிறது சிக்கலாகலாம், அரசு வேலைக்கு போலீஸ் வெரிஃபிகேஷனில் நிக்கும். தம்பிகளா, சில ஆயிரத்துக்கு வாழ்க்கையை வாடகைக்கு விடாதீங்க.

■ "விழிப்புணர்வா இருங்க" என்று சொன்னா போதுமா?

இங்கதான் நம்ம அரசியலும் வருது. மக்களைப் பார்த்து "ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்றது சுலபம். ஆனா மோசடிக்காரனுக்கு உங்க பேரும் ஆதாரும் பாலிசி நம்பரும் எப்படித் தெரிஞ்சது? அதைக் கேட்கணுமா வேண்டாமா?

2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ ரிப்போர்ட் உட்பட, டெலிகிராம் பாட் வழியா வெளியே கிடைச்சது. நிறுவனம் நீதிமன்றம் போய் தடை வாங்க வேண்டியதாச்சு. வெளியே போன விவரம் போனதுதான். பாஸ்வேர்டை மாத்தலாம், உங்க நோயையும் பிறந்த தேதியையும் மாத்த முடியுமா?

இதுக்குத்தான் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விதிகள் வந்தது 2025 நவம்பரில். நிறுவனங்களுக்கான முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாசம். சட்டம் நடந்து வருது, திருடன் பைக்கில் போறான்.

அதே நேரத்தில் இன்னொரு வேடிக்கை. 2025 நவம்பர் கடைசியில், விற்பனைக்கு வர்ற எல்லாப் புது போனிலும் சஞ்சார் சாத்தி ஆப்பை முன்கூட்டியே போட்டுத்தான் விற்கணும் என்று ஒன்றிய அரசு உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பினதும் டிசம்பர் 3-ஆம் தேதி அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது. என் கருத்தைச் சொல்றேன். அந்தத் தளத்தில் இருக்கிற வசதி நல்ல வசதி. உங்க பேரில் எத்தனை சிம் இருக்கு என்று பார்க்கலாம், தொலைஞ்ச போனை முடக்கலாம், சந்தேக அழைப்பைப் புகார் பண்ணலாம். வெப்சைட்டிலேயே செய்யலாம், எல்லாரும் இன்னைக்கே போய்ப் பாருங்க. ஆனா வசதி நல்லது என்பதற்காக, கேட்காம என் போனுக்குள்ள வந்து உட்கார யாருக்கும் உரிமை இல்லை. பாதுகாப்பும் வேணும், அந்தரங்கமும் வேணும். ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று மக்களிடம் சொல்றது அரசாங்கத்தின் வேலை இல்லை.

வங்கிகளையும் கேட்கணும். எழுபது வயசு அம்மா ஆயுசு முழுக்கச் சேர்த்த டெபாசிட்டை ஒரே நாளில் உடைச்சு, முன்பின் பார்க்காத நாலு கணக்குக்கு அனுப்புறாங்க. கவுன்டரில் ஒருத்தர் "என்னம்மா விஷயம், யாராவது போன் பண்ணினாங்களா?" என்று கேட்டா போதும். அப்படிக் கேட்டு மோசடியைத் தடுத்து நிறுத்தின வங்கி ஊழியர்கள் நாட்டில் இருக்காங்க. அதை ஊழியரின் நல்ல மனசுக்கு விடாம, விதியாவே ஆக்கணும் என்பதுதான் நம்ம கோரிக்கையா இருக்கணும்.

■ பணம் போயிடுச்சு. இப்ப என்ன செய்ய?

முதல் வேலை, 1930. உடனே. அழுகிற நேரம் அப்புறம் இருக்கு. மோசடிப் பணம் ஒரு கணக்கில் நிக்காது. நிமிஷக் கணக்கில் ரெண்டு, நாலு, பத்து கணக்காப் பிரிஞ்சு, கடைசியில் ஏ.டி.எம்.மிலோ கிரிப்டோவிலோ கரைஞ்சிடும். 1930-ல் புகார் பதிவானதும் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் போகும், பணம் எந்தக் கணக்கில் நிக்குதோ அங்கேயே முடக்கப் பார்ப்பாங்க. முதல்ல சொன்ன லூதியானா தொழிலதிபருக்குப் பெரும்பகுதி திரும்பினது போலீஸ் கணக்குகளை முடக்கினதால்தான். ஒரு மணி நேரத்துக்குள்ள பேசினா வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் கழிச்சுப் பேசினா ரொம்பக் குறைவு.

பேசும்போது கையில் வச்சுக்க வேண்டியது: பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண், எந்தக் கணக்குக்குப் போச்சு. அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியுங்க. மெசேஜ், கால் ஹிஸ்டரி எதையும் அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

அடுத்து பேங்குக்கு எழுத்தில் புகார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கு. உங்க தப்பும் இல்லாம வங்கி தப்பும் இல்லாம வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்து, மூணு வேலை நாளுக்குள்ள தெரிவிச்சா, உங்களுக்குப் பொறுப்பு பூஜ்யம். நீங்களே ஓ.டி.பி. சொல்லி ஏமாந்திருந்தாலும், புகார் கொடுத்த நேரத்துக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால புகார் கொடுத்த நேரத்துக்கு ஆதாரம் வாங்கி வச்சுக்குங்க.

ஒரு எச்சரிக்கை. ஏமாந்தவங்களைத் தேடி ரெண்டாவது திருடன் வருவான். "நாங்க சைபர் செல், உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் கட்டுங்க" என்பான். 1930-க்கும் போலீஸ் புகாருக்கும் ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது.

இப்போ நான் உங்ககிட்ட வேண்டிக் கேட்டுக்கிற ஒரு விஷயம். ஏமாந்தவங்ககிட்ட "எப்படிங்க இதைப் போய் நம்பினீங்க?" என்று மட்டும் கேட்காதீங்க. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அப்பா மகன்கிட்ட சொல்றதில்லை, மனைவி கணவன்கிட்ட சொல்றதில்லை. அந்த வெட்கத்தில் ஒரு நாள் போகும், ரெண்டு நாள் போகும், முடக்க வேண்டிய பணம் அதுக்குள்ள கை மாறிடும். லோன் ஆப் காரன் போட்டோவை மாத்தி மிரட்டினதில், பணம் போன அவமானத்தில், உயிரையே விட்டவங்க இந்த நாட்டில் இருக்காங்க. அதனால உங்க வாயிலிருந்து வர்ற முதல் வார்த்தை "பரவாயில்லைம்மா, உங்க தப்பு இல்லை, வாங்க 1930-க்குப் பேசுவோம்" என்றுதான் இருக்கணும். பணம் திரும்பி வந்தாலும் வராட்டியும், அந்த வார்த்தையை அந்த வீடு மறக்காது.

■ நம்ம குரூப்புக்கு நாமே போட்டுக்க வேண்டிய விதிகள்

1. ஏ.பி.கே. ஃபைல் எந்தப் பேரில் வந்தாலும் பகிரக் கூடாது. யார் நம்பரிலிருந்து வந்தாலும் அட்மின் உடனே நீக்கி, அனுப்பினவருக்கு நேரா போன் போட்டு, "அண்ணே, உங்க போன்ல பிரச்சினை இருக்கு" என்று சொல்லணும். மாவட்டச் செயலாளர் நம்பரா இருந்தாலும் இதேதான்.

2. குரூப்பில் யாருடைய ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்புக் போட்டோவும் போடக் கூடாது. உதவி கேட்டு யாராவது அனுப்பினா, வேலை முடிஞ்சதும் உங்க போனிலிருந்தும் அழிச்சிடுங்க. பூத் பட்டியலை யார் வேணும்னாலும் திறக்கிற மாதிரி கூகுள் ஷீட்டில் விடாதீங்க. அடுத்தவன் டேட்டாவை ஏன் காக்கலை என்று அரசாங்கத்தைக் கேட்கிற நாம, நம்ம கையில் இருக்கிறதைக் காக்கணும்.

3. நன்கொடை க்யூ.ஆர். கோடு கட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான். "அவசரம், தலைமை சொல்லியிருக்கு" என்று வர்ற எந்த க்யூ.ஆருக்கும் பணம் அனுப்பாதீங்க, அனுப்பச் சொல்லாதீங்க.

4. தலைவர் குரலிலேயே ஆடியோ வந்தாலும் சரிபாருங்க. 2024 தேர்தல் நேரத்தில் மறைந்த முன்னாள் முதல்வர்களின் குரலையே ஏ.ஐ. வச்சுப் பேச வைச்சதை நம்ம தமிழ்நாடு பார்த்துச்சு. கட்சிகள் கையில் இருக்கிற கருவி மோசடிக்காரன் கையிலும் இருக்கு. பணம் கேட்டாலோ, கலவரம் பண்ணச் சொன்னாலோ, அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்கா என்று பார்த்த பிறகுதான் மத்ததெல்லாம். எதிர்க்கட்சித் தலைவர் பேரில் வந்தாலும் இதே விதிதான். நமக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு என்பதற்காகச் சரிபார்க்காம பகிர்ந்தா, நாளைக்கு நாம உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

5. 1930 என்ற எண்ணை குரூப் விளக்கத்தில் எழுதி வைங்க. பக்கத்திலேயே பூத்துக்கு ஒரு தோழரின் பேர், நம்பர். அவர் வேலை ஒன்றே ஒன்றுதான்: ராத்திரி எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பதறாம 1930-க்குப் பேச உதவுறது.

அந்த ஒரு தோழர் யாருன்னு இன்னைக்கு மாலைக்குள்ள ஒவ்வொரு பூத்திலிருந்தும் பேர் கொடுத்துட்டுத்தான் கிளம்பணும் என்று மாவட்ட அமைப்பாளர் சொல்லியிருக்கார். வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு அஞ்சு வீடு. ஓட்டு கேட்க வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். போய் உட்கார்ந்து, அவங்க போனில் 1930-ஐ சேமிச்சுக் கொடுத்துட்டு, வாட்ஸ்அப் பின் போட்டுக் கொடுத்துட்டு, கொடுக்கிற டீயைக் குடிச்சிட்டு வாங்க.

கட்சி என்பது கொடியும் கூட்டமும் மட்டும் இல்லை தோழர்களே. பயத்தில் கை நடுங்குறப்போ, "யாருக்குப் போன் பண்றது?" என்று யோசிக்கிற அந்த நிமிஷத்தில் நம்ம பேர் ஞாபகத்துக்கு வரணும்.



#பதறாதே_பகிராதே #1930 #டிஜிட்டல்_அரெஸ்ட்_பொய் #தகவல்_தொழில்நுட்ப_அணி